ஜவானின் முதுகில் ஒரு சூரியன்!

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில், வடலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மந்தாரக்குப்பம் வருகிறது. பக்கத்திலேயே நெய்வேலி. பகலில் போனால் மண் மலைகளும் புகை போக்கிகளும் தெரியும். இரவில் போனாலோ, வரிசை வரிசையாக விளக்குகள்! ஏதோ தேர்த் திருவிழாவுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

"மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" என்று பட்டணத்துக் குழந்தை ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். "சுவரிலிருந்து!" என்று சொல்லும். மந்தாரக்குப்பத்துக் குழந்தையைக் கேளுங்கள். "பள்ளத்திலிருந்து!" என்று சொல்லும். இரண்டாவது குழந்தை சொல்வதுதான் சரி. ஒரு விளக்கு எரிய வேண்டுமானால் எங்கேயோ ஒரு பள்ளம் தோண்ட வேண்டும். மலை போன்ற மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். அடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரியை எடுத்து எரிக்க வேண்டும். மின்சாரம் சும்மா வருவதில்லை என்பது அந்த ஊர்க்காரர்கள் கண்ணால் கண்ட பாடம்.

நெய்வேலியின் கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்ததும், அதுவே பின்னால் பெரிய சுரங்கமானதும் பாடப் புத்தகத்துக் கதை. 1956-இல் நிறுவனம் ஏற்பட்டது. 1957 மே மாதம் நேருஜி வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-இல், ரஷ்ய உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் யந்திரம் ஓடத் தொடங்கியது.

அந்த 1962-ஆம் வருஷத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்ல வந்த விஷயமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரே வருஷம், இரண்டு காட்சிகள்

தென்னாட்டில் ஒரு புது மின் நிலையம் ஒளி வீசத் தொடங்கிய அதே வருஷம், அக்டோபர் 20-ஆம் தேதி, வடக்கே இமயமலையில் சீனப் படையெடுப்பு ஆரம்பமாயிற்று. நம் ஜவான்கள் பதினாயிரம் அடிக்கும் மேலே, பனியிலும் குளிர்காற்றிலும் நின்று போராடினார்கள். போதுமான கம்பளி உடை கூடப் பலருக்கு இல்லை.

நாடெங்கும் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னினார்கள். கை வளையைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். உங்கள் பாட்டியோ அம்மாவோ அந்த நாளைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

லடாக்கில் சுஷூல் என்று ஓர் இடம். அதன் அருகே ரெஸாங் லா என்னும் கணவாய். 1962 நவம்பர் 18-ஆம் தேதி, மேஜர் ஷைத்தான் சிங்கின் தலைமையில் குமாவுன் படையின் சுமார் 120 வீரர்கள் அங்கே நின்றார்கள். அவர்களில் 114 பேர் அங்கேயே உயிர் கொடுத்தார்கள். பனி விலகி, அவர்கள் உடல்களைக் கண்டெடுக்கவே 1963 பிப்ரவரி ஆயிற்று. துப்பாக்கியைப் பிடித்த நிலையிலேயே பலர் உறைந்து கிடந்தார்கள்.

அன்று ஜவானுக்கு வேண்டியிருந்தது ஸ்வெட்டர். இன்றும் வேண்டும்தான். ஆனால், இன்றைய ஜவானுக்கு இன்னொன்றும் வேண்டியிருக்கிறது. அது இல்லாவிட்டால் அவன் காது கேட்காது. இருட்டில் கண் தெரியாது. தான் எங்கே நிற்கிறோம் என்பதுகூடத் தெரியாது.

அதுதான் மின்சாரம்!

மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

"சிப்பாய்க்கு எதற்கு மின்சாரம்? அவன் என்ன மிக்ஸியா ஓட்டப் போகிறான்?" என்று நீங்கள் கேட்கலாம்.

அவன் முதுகு மூட்டையை ஒரு நிமிஷம் அவிழ்த்துப் பார்ப்போம். மற்றவர்களோடு பேச ஒரு ரேடியோ. இருட்டில் பார்க்க ஒரு கண்ணாடி. இருக்கும் இடத்தை வானத்துச் செயற்கைக் கோளைக் கேட்டுச் சொல்லும் கருவி ஒன்று. டார்ச் விளக்கு. இத்தனைக்கும் தீனி பாட்டரி. ஒரு பாட்டரி தீர்ந்தால் மாற்ற இன்னொன்று. அதுவும் தீர்ந்தால் மற்றொன்று. காட்டிலும் மலையிலும் சுவரும் இல்லை, ஸ்விட்சும் இல்லை அல்லவா?

அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் மூன்று நாள் வேலையாகப் புறப்பட்டால், பாட்டரி மட்டுமே 7 கிலோவிலிருந்து 9 கிலோ வரை சுமக்கிறான் என்று அந்த நாட்டு ராணுவத்தார் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது கிலோ என்றால் என்ன? ஒரு வயதுக் குழந்தையின் எடை! குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிய தாய்மார்களுக்கு அந்தப் பாரம் தெரியும். அவன் ஏறுவதோ மலை. துப்பாக்கி, குண்டு, தண்ணீர், சோறு எல்லாம் அதற்கு மேலே.

பாட்டரியைக் குறைத்தால் ரேடியோ ஊமையாகிவிடும். பாட்டரியைக் கூட்டினால் தண்ணீரையோ உணவையோ குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது? உயிரோடு விளையாடும் கேள்வி இது.

மார்கழித் தயிரும் மலை மேல் பாட்டரியும்

பாட்டரி என்பது ஒரு சின்னச் சமையலறை. உள்ளே இரண்டு வெவ்வேறு பொருள்கள். நடுவே ஒரு ரசாயனக் குழம்பு. விளக்கைப் போட்டதும் சமையல் ஆரம்பம். அந்தச் சமையலில் பிறப்பதே மின்சாரம். பண்டம் தீர்ந்தால் அடுப்பு அணைந்துவிடும். நாம் டார்ச் விளக்கில் போடும் பாட்டரிக் கட்டையின் மூதாதையை 1866-இல் லெக்லான்ஷே என்ற பிரெஞ்சுக்காரர் செய்தார்.

இந்தச் சமையலறைக்கு ஆகாத சத்துருக்கள் இரண்டு: ஒன்று வெயில், மற்றது குளிர்.

இரண்டாவது உலக யுத்தத்தில் வெயில் தன் கைவரிசையைக் காட்டியது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கும், பசிபிக் தீவுகளுக்கும் கப்பல் கப்பலாக அனுப்பிய பாட்டரிகள், சிப்பாயின் கைக்குப் போய்ச் சேரும் முன்பே புழுக்கத்தில் கெட்டுப் போயின. சாமுவேல் ரூபன் என்பவர் 1942-இல் பாதரசத்தைக் கொண்டு புதுவிதப் பாட்டரி ஒன்று செய்து அந்தக் குறையைத் தீர்த்தார். பாதரசம் விஷமென்பதால் பிற்காலத்தில் அந்தப் பாட்டரி கைவிடப்பட்டது. ஆனால் அன்றைக்கு அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது.

இனிக் குளிர். மார்கழி மாதத்தில் உங்கள் வீட்டில் தயிர் சீக்கிரம் தோய்கிறதா? இல்லை. தேங்காய் எண்ணெய் பாட்டிலிலிருந்து வருகிறதா? வருவதில்லை, வெயிலில் வைத்து உருக்க வேண்டியிருக்கிறது. குளிர்ந்தால் எந்த ரசாயன வேலையும் சோம்பிப் போகும். நம் ஊர் மார்கழிக்கே இப்படி என்றால், பூஜ்யத்துக்கும் கீழே 50 டிகிரி வரை இறங்கும் சியாச்சின் பனிமலையில் என்ன ஆகும்? புத்தம் புதுப் பாட்டரிகூடக் கிழவனாகிவிடும். இப்போது செல்போனில் வரும் லித்தியம் பாட்டரிக்கோ இன்னொரு சங்கடம். உறைபனிக் குளிரில் அதற்கு மின்சாரம் ஏற்றவே கூடாது. ஏற்றினால் உள்ளே லித்தியம் படலமாகப் படிந்து பாட்டரியைக் கெடுத்துவிடும். முதலில் அதைச் சூடாக்க வேண்டும்.

அதனால்தான் குளிர்நாட்டுச் சிப்பாய்கள் பாட்டரியைச் சட்டைக்குள், நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்கிறார்கள். தன் உடம்புச் சூட்டைக் கொடுத்து பாட்டரியைக் காப்பாற்றினால், பாட்டரி பிறகு அவனைக் காப்பாற்றுகிறது!

ஆட்டுக்கல் போல ஒரு யந்திரம்

"தீர்ந்து போகாத மின்சாரம் கிடையாதா?" என்று கேட்கிறீர்களா? அந்தக் கேள்வி அன்றே பிறந்துவிட்டது. முதலில் கிடைத்த பதில் கை!

இரண்டாவது உலக யுத்தத்தில் ரேடியோவுக்கு மின்சாரம் தர, கையால் சுற்றும் ஜெனரேட்டர்களைக் கொண்டு போனார்கள். ஒருவன் உட்கார்ந்து சுற்ற, மற்றவன் செய்தி அனுப்புவான். நம் வீட்டில் ஒருத்தி குழவியைச் சுற்ற, இன்னொருத்தி மாவைத் தள்ளிவிடுவாளே, அந்தக் காட்சிதான். சுற்றுகிறவன் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும்.

கடலில் விழுந்த விமானிகளுக்காக அமெரிக்கர்கள் ஒரு சின்ன ரேடியோ வைத்திருந்தார்கள். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொள்ள வசதியாக, நடுவில் ஒடுங்கி உடுக்கை போல இருக்கும். அதைப் பார்த்த சிப்பாய்கள் அதற்கு 'கிப்ஸன் பெண்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிப்ஸன் என்ற சித்திரக்காரர் தீட்டிய கொடியிடைப் பெண்கள் அந்தக் காலத்தில் அத்தனை பிரசித்தம்! படகில் மிதந்துகொண்டே கைப்பிடியைச் சுற்றினால், 'காப்பாற்றுங்கள்' என்ற செய்தி தானாகவே வானில் போகும்.

கை மின்சாரம் ஆபத்துக்கு உதவும். அன்றாடத்துக்கு ஆகுமா? ஆகாது. மலை ஏறிக் களைத்தவனை உட்கார்ந்து சக்கரம் சுற்றச் சொல்வது எப்படி?

எண்ணெய்க்கு விலை என்ன?

ஆகவே டீஸல் ஜெனரேட்டர் வந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. அங்கேதான் பெரிய கஷ்டமே ஆரம்பித்தது.

சியாச்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 ஏப்ரல் 13-ஆம் தேதி நம் படை அங்கே ஏறியது. அன்று முதல் அங்கே பகைவனின் குண்டைவிடக் குளிரும் பனிச் சரிவுமே அதிகம் பேரைப் பலி வாங்கியிருக்கின்றன. அங்கே குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் பனிக்கட்டியை உருக்க வேண்டும். அதற்கு மண்ணெண்ணெய். சோற்றுக்கு மண்ணெண்ணெய். கூடாரத்துக்குள் கதகதப்புக்கும் மண்ணெண்ணெய். அடைத்த கூடாரத்துக்குள் எப்போதும் அடுப்பு எரிந்தால் என்ன ஆகும்? புகை மூக்கிலும் நெஞ்சிலும் கரியாகப் படிகிறது. விறகடுப்போடு மாரடித்த நம் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்த எண்ணெய் மேலே எப்படிப் போகிறது? உயரத்தில் காற்று மெலிந்து போவதால், மிக உயர்ந்த காவல் இடங்களுக்குச் சிறு ஹெலிகாப்டர் ஒரு தடவைக்குச் சில பத்துக் கிலோதான் தூக்க முடியும். நாம் பங்கீட்டுக் கடையில் வாங்கிய அதே மண்ணெண்ணெய், மலையுச்சிக்குப் போய்ச் சேரும்போது விமானியின் உயிரைப் பணயம் வைத்த மண்ணெண்ணெயாகிவிடுகிறது.

வெளிநாட்டுக் கணக்கு ஒன்றும் சொல்கிறேன். ஆப்கானிஸ்தானில் 2007-ஆம் வருஷம் அமெரிக்கப் படைகளுக்கு எண்ணெய் கொண்டு போன லாரி வரிசைகளை அவர்கள் பிற்பாடு எண்ணிப் பார்த்தார்கள். 24 வரிசைகளுக்கு ஒருவர் வீதம் செத்தோ காயம் பட்டோ போனார் என்று தெரிந்தது. சண்டை போடப் போய் அல்ல. எண்ணெய் கொண்டு போய்! லாரியிலே போனவனுக்கும் ஒரு தாய் உண்டு, ஒரு வீடு உண்டு.

ஆகவே, "மின்சாரத்தைக் கொண்டு போகாதே, போன இடத்திலேயே உண்டாக்கு" என்ற யோசனை வெறும் சிக்கன யோசனையல்ல. உயிர்க் கணக்கு.

சூரியனுக்கு எந்த லாரியும் வேண்டாம்

போன இடத்திலெல்லாம் கூடவே வருவது யார்? சூரிய பகவான்தான்!

1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் மூன்று விஞ்ஞானிகள், மணலில் உள்ள சிலிக்கன் என்ற பொருளைக் கொண்டு ஒரு வில்லை செய்து காட்டினார்கள். வெயில் பட்டால் அதில் மின்சாரம் பிறந்தது. விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஆறு பங்குதான் மின்சாரமாயிற்று. ஆனாலும் என்ன, நான்கே வருஷத்தில் அது வானத்துக்கே போய்விட்டது! 1958-இல் ஏவிய 'வான்கார்ட்' என்ற குட்டிச் செயற்கைக் கோளில் சூரிய வில்லைகள் ஒரு ரேடியோவை ஓட்டின. இன்று நம் மொட்டை மாடிகளில் ஏறியிருக்கும் சோலார் பலகைகள் அந்த வில்லையின் பேரப் பிள்ளைகள்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். பாட்டரியைப் படுத்தும் குளிர், சோலார் பலகைக்கு நல்லது! வெயில் வேண்டும், சூடு வேண்டாம் என்பது அதன் குணம். பலகை சூடேற ஏற மின்சாரம் குறையும். குளிரக் குளிரக் கூடும். லடாக்கிலோ வருஷத்தில் சுமார் 300 நாள் வெயில். காற்று மெலிந்திருப்பதால் வெளிச்சம் தடையின்றி வருகிறது. பனி வேறு கண்ணாடி போல அதைத் திருப்பி அடிக்கிறது. மனிதனுக்குக் கொடுமையான அந்த மலை, சோலார் பலகைக்கு மாமியார் வீட்டு விருந்து!

2010-இல் ஆப்கானிஸ்தானின் ஸங்கின் என்ற இடத்துக்குப் போன அமெரிக்க மரைன் படைச் சிப்பாய்கள், மடித்து முதுகில் வைத்துக்கொள்ளும் சோலார் விரிப்புகளை எடுத்துச் சென்றார்கள். பாய் விரிப்பதுபோல் வெயிலில் விரித்து ரேடியோ பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டார்கள். மூன்று வாரம் புதுப் பாட்டரி கேட்காமலே சுற்றி வந்த குழுவும் அவர்களில் உண்டு.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. 2021-இல் வட ஸிக்கிமில், 16,000 அடி உயரத்தில், பம்பாய் ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து நம் ராணுவம் ஒரு சூரிய மின் நிலையம் அமைத்தது. அளவு 56 கே.வி.ஏ. அங்குள்ள துருப்புகளுக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

அதே 2021-ஆம் வருஷம் பிப்ரவரியில், லடாக்கின் சோனம் வாங்சுக் ஒரு கூடாரம் செய்து காட்டினார். அதில் பாட்டரியும் இல்லை, அடுப்பும் இல்லை. தெற்கு நோக்கிய முன்னறை பகல் வெயிலைப் பிடித்துக்கொள்கிறது. நடுவே உள்ள சுவர் அந்தச் சூட்டைச் சேர்த்து வைக்கிறது. இரவில் பின்னறையில் பத்து ஜவான்கள் தூங்கலாம். வெளியே இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 14 டிகிரி வரை இறங்கும் இடத்தில், இரவு பத்து மணிக்கு உள்ளே 15 டிகிரி இருந்ததாக அவர் அறிவித்தார். கூடாரத்தைப் பிரித்தால் எந்தப் பகுதியும் 30 கிலோவுக்கு மேல் இல்லை. ஜவான்களே தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

மறுபடியும் சுஷூல்

முன்னே சொன்ன சுஷூலை மறந்துவிடவில்லையே? 2024 நவம்பரில் அங்கே ஒரு புது வேலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். நம் ராணுவமும் என்.டி.பி.சி. நிறுவனமும் சேர்ந்து செய்வது அது. இடம் 4,400 மீட்டர் உயரம். குளிர் காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி. டீஸல் ஜெனரேட்டருக்குப் பதிலாக, இரவும் பகலும் 200 கிலோவாட் மின்சாரம் தர வேண்டும் என்பது திட்டம்.

"இரவில் சூரியன் ஏது?" என்பீர்கள். அதற்குத்தான் ஒரு தந்திரம். பகலில் மிஞ்சும் மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தினால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிகிறது. ஹைட்ரஜனைத் தொட்டியில் அடைத்து வைத்துக்கொள்கிறார்கள். இரவில் அதைக் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு மறுபடி சேர வைத்தால் மின்சாரமும் கிடைக்கிறது, தண்ணீரும் கிடைக்கிறது. புகை இல்லை, கரி இல்லை. கோடையில் மாவடு கிடைக்கும்போது ஊறப் போட்டு வருஷம் முழுதும் வைத்துக்கொள்கிறோமே, அதுபோல வெயிலை ஊறுகாய் போடும் வித்தை இது!

இரண்டு பெண்மணிகள்

இந்தக் கதையில் இரண்டு பெண்களுக்குச் சிறப்பான இடம் உண்டு.

ஒருவர் மரியா டெல்கெஸ். 1900-இல் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்கா போனவர். கடலில் விழுந்த விமானிகளும் மாலுமிகளும் சுற்றிலும் தண்ணீர் இருந்தும் தாகத்தால் சாகிறார்களே என்று, யுத்த காலத்தில் மடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பை செய்தார். கடல் தண்ணீரை அதில் விட்டு மிதக்கவிட்டால், சூரிய வெப்பம் அதை ஆவியாக்கி, குடிநீராகச் சேர்த்துத் தரும். கஷாயம் கொதிக்கும்போது மூடியில் வேர்க்கும் தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தத்துவம் அவ்வளவுதான். இதே அம்மையார் 1948-இல் சூரியனால் மட்டுமே கதகதப்பாகும் ஒரு வீட்டுக்கு வெப்பம் சேமிக்கும் முறையை அமைத்துக் கொடுத்தார். வீட்டை வரைந்த கட்டிடக் கலைஞரும் ஒரு பெண். பணம் கொடுத்தவரும் ஒரு பெண்! வாங்சுக்கின் கூடாரத்துக்கு அந்த வீடு ஒருவகையில் பெரியம்மா முறை.

மற்றவர் மரியா ஸ்கைலஸ்-கஸகோஸ். கிரேக்க நாட்டில் பிறந்து ஆஸ்திரேலியாவில் விஞ்ஞானியானவர். வனேடியம் என்ற உலோகத்தைக் கரைத்த திரவத்தைத் தொட்டிகளில் வைத்து ஓடவிடும் பாட்டரியை, 1980-களில் அவரும் அவருடைய சகாக்களும் உண்டாக்கினார்கள். தொட்டியைப் பெரிதாக்கினால் சேமிப்பும் பெரிதாகும், வருஷக் கணக்கில் உழைக்கும், தீப்பிடிக்காது. வட ஸிக்கிமில் நம் ராணுவம் அமைத்ததாகச் சொன்னேனே, அந்த நிலையத்தில் மின்சாரத்தைச் சேமிப்பது இந்த வனேடியப் பாட்டரிதான்! ஒரு பெண்ணின் பரிசோதனைச் சாலையில் பிறந்த யோசனை, நம் பிள்ளைகளின் கூடாரத்தில் விளக்கேற்றுகிறது.

நம் பங்கு என்ன?

தமிழ்நாட்டின் பங்கு சிறியதல்ல. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேருஜி அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அதுவே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். தண்ணீர் பட்டதும் விழித்துக்கொள்ளும் மெக்னீசியப் பாட்டரியிலிருந்து லித்தியம் பாட்டரி வரை அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள்.

திருச்சியை அடுத்த மாத்தூரில் ஒரு தொழிற்சாலை, வெள்ளியும் துத்தநாகமும் சேர்ந்த பாட்டரிகளை நம் முப்படைகளுக்கும் செய்து தருகிறது. 1957-இல் ரஷ்யாவின் ஸ்புட்னிக்கை 'பீப், பீப்' என்று பேச வைத்தது இதே வகைப் பாட்டரிதான். எடை குறைவு, வலிமை அதிகம். வெள்ளி ஆயிற்றே, விலையும் அதிகம்தான்!

நெய்வேலி? 1962-இல் தொடங்கிய அந்த முதல் அனல் மின் நிலையம் தன் கடமையைச் செய்து முடித்து 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. நிலக்கரி எடுக்கும் அந்த நிறுவனமே சூரியனையும் பிடித்துக்கொண்டது. 2015-இல் நெய்வேலியில் 10 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. 2020-இல் தெற்கு அந்தமானில், 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைப் பெரிய பாட்டரிகளோடு சேர்த்து அமைத்துக் கொடுத்தது. அது பொதுமக்களுக்கான மின்சாரம். ஆனால் தீவின் கஷ்டமும் மலையுச்சியின் கஷ்டமும் ஒன்றுதானே? அங்கேயும் கம்பி போகாது. டீஸல் கப்பலில் வர வேண்டும். பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கி 'லெக்கோ' என்ற பெயரில் நம் குமுட்டி அடுப்புக்கு அனுப்பிய ஊர், வெயிலைப் பாட்டரியில் அடைத்துத் தீவுக்குக் கொடுத்தது என்றால் சந்தோஷமாக இருக்கிறதல்லவா?

அவசரப்பட வேண்டாம்

இதையெல்லாம் கேட்டு, "நாளைக்கே டீஸலை மூட்டை கட்டிவிடலாம்" என்று நினைத்துவிடாதீர்கள். சோலார் பலகை பளபளக்கும். தூரத்திலிருக்கும் பகைவன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நாலைந்து நாள் பனிப்புயல் அடித்தால் பலகை மூடிக்கொள்ளும். மடிக்கும் விரிப்பில் ரேடியோவுக்கு மின்சாரம் ஏற்றலாமே தவிர, பனியை உருக்கிச் சோறு சமைக்க முடியாது. ஆகவே ஜெனரேட்டரும் மண்ணெண்ணெயும் இன்னும் கொஞ்ச காலம் கூடவே இருக்கும். நம் வீட்டில் காஸ் அடுப்பு வந்த பிறகும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பரணில் வைத்திருந்தோமே, அந்த மாதிரி.

ஆனால் பத்து டின் எண்ணெய் போன இடத்துக்கு ஐந்து டின் போதும் என்று ஆனாலே, எத்தனை ஹெலிகாப்டர் பயணம் குறைகிறது! எத்தனை லாரி குறைகிறது! ஒரு லாரி குறைந்தால், மலைப் பாதையில் உருளக் கூடிய ஒரு லாரி குறைந்தது என்று அர்த்தம். முதுகு மூட்டையில் மூன்று கிலோ குறைந்தால், அந்த மூன்று கிலோவுக்குத் தண்ணீரோ உணவோ கூடும் என்று அர்த்தம்.

இந்த வேலைக்கு இன்னும் ஆள் வேண்டும். பனியிலும் சோம்பாத பாட்டரி வேண்டும். பளபளக்காத பலகை வேண்டும். எடை குறைந்த விரிப்பு வேண்டும். காரைக்குடியிலும் மற்ற ஆராய்ச்சி நிலையங்களிலும் செய்து முடிக்க வேண்டிய கணக்குகள் இவை. உங்கள் வீட்டில் ரசாயனமோ பௌதிகமோ படிக்கும் பெண் இருந்தால், "இது படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்காதீர்கள். 1962-இல் அவளுடைய பாட்டி பின்னிய ஸ்வெட்டரின் அடுத்த வரிசையை அவள்தான் பின்ன வேண்டியிருக்கிறது!